காதுப்பேணி

கிரவீனில் இராஜேஸ்வரியின் வீட்டுக்கு முதன்முறை போகிறவர்களிடம், தெரிந்தவர்கள் ஒன்றைச் சொல்லி அனுப்புவார்கள்: "அங்க தேத்தண்ணி தந்தால் கப்பின்ர அடியைப் பார்த்திட்டுக் குடியுங்கோ."

அடியில் சிவப்பு நகப்பூச்சால் வைத்த பொட்டு இருக்கும். ஒரு பொட்டு என்றால் அது இராஜேஸ்வரியுடையது. இரண்டு பொட்டு கணவர் சிறிதரனுடையது. மூன்று பொட்டு மகன் பிரஷாந்தனுடையது. அவன் ஹோம்புஷில் ஃபிளாட் எடுத்துக்கொண்டு போய் ஐந்து வருடமாகியும் அந்தக் கப் அலுமாரியில் அவனுக்காகத் தனியே கவிழ்ந்து கிடந்தது. பொட்டில்லாதவை விருந்தாளிகளுக்கு. தேத்தண்ணியோடு சேர்த்துக் கவிழ்த்துப் பார்த்து மடியை நனைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கு இராஜேஸ்வரி ஓடிப்போய்த் துவாய் எடுத்துக் கொடுத்தாள். விருந்தாளிகளின் துவாயும் தனியாகத்தான் இருந்தது.

கை சுருங்கியவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டாள். வென்ட்வேர்த்வில் ஸ்டேசனுக்குப் பக்கத்துக் கடையில் இடியப்பம் வாங்கினால் பத்துப் பேர் வருவதென்றால் பதினைந்து பேருக்கு வாங்குவாள். எச்சில் மட்டும்தான் அவளுக்கு ஆகாது. அவளுடைய கைப்பையில் முகக்கண்ணாடி இருக்காது, சீப்பு இருக்காது. ஃபிரீசர் பைக்குள் சுற்றிய, தண்ணீர் குடிக்கிற ஒரு சில்வர் பேணி இருக்கும். கலியாண வீடு, செத்தவீட்டு அந்தியேட்டி, பிள்ளைகளின் பிறந்தநாள் எங்கே போனாலும் அது கூடப் போகும். பேணியை மறந்து போன நாட்களில், தலையை அண்ணாந்து, போத்தலை உதட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரு துளி சிந்தாமல் தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் கைதட்டிய சம்பவமும் நடந்திருக்கிறது.

அவள் பார்த்த வேலையும் அதற்கு எண்ணெய் ஊற்றியது. இருபத்திரண்டு வருடமாக ஓர் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில், சத்திரசிகிச்சைக் கத்தரிகளையும் கத்திகளையும் கழுவி, நீராவிப் பெட்டிக்குள் வைத்து எடுக்கிறாள். அந்தப் பெட்டி நூற்று முப்பத்துநான்கு பாகையில் வேலை செய்யும். உலகத்துச் சாமான்கள் எல்லாவற்றையும் அவள் அந்த எண்ணோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தாள். வீட்டு டிஷ்வோஷரைப் பற்றிக் கேட்டால், "அறுபது," என்று இரக்கத்தோடு சொல்வாள், சோதனையில் பெயிலான பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

கொரோனா வந்த இரண்டு வருடமும் உலகமே இராஜேஸ்வரியின் குசினியாக மாறியது. ஒருவரும் ஒருவரையும் தொடவில்லை. ஒருவரும் ஒருவருடைய கப்பில் குடிக்கவில்லை. அவளைப் பகிடி பண்ணியவர்கள் எல்லாரும் ரெலிபோன் எடுத்து, கடையில் வாங்கிய சாமானை எப்படிக் கழுவுவது என்று கேட்டார்கள். அந்த நாட்களை அவள் இப்போதும் குரல் கனியப் பேசுவாள். பிறகு எல்லாரும் பழையபடி கட்டிப்பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்படித் தொடங்கிய காலத்தில்தான் பிரஷாந்தன் கர்ஸ்ரியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

கர்ஸ்ரி மெல்பேர்ண்காரி, பரம்பரை ஸ்கொட்லாந்து. ஹோம்புஷுக்குக் கிட்ட ஓர் ஆரம்பப் பள்ளியில் படிப்பிக்கிறாள், அதாவது, இராஜேஸ்வரியின் கணக்கில், நாளொன்றுக்கு இருபத்துநான்கு மூக்குகளோடு பழகுகிறவள். நல்ல பிள்ளை. சாப்பிட்ட கையோடு எழும்பிப் பாத்திரம் முழுவதையும் கழுவினாள். கழுவியதை எல்லாம் இடம் மாற்றி வைத்தாள். அதற்குப் பிறகு தாகமெடுத்து, கைக்கு எட்டிய ஒரு கப்பில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். அடியில் ஒரு பொட்டு. இராஜேஸ்வரி பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள்.

அவர்கள் போய்க் கதவு சாத்தியதும் அடுப்பில் சட்டியை வைத்து, தண்ணீர் ஊற்றி, கப்பை அதற்குள் போட்டு மூடினாள். இருபது நிமிஷக் கணக்கு. பதினோராவது நிமிஷத்தில் கர்ஸ்ரி திரும்பி வந்துவிட்டாள், சால்வையைக் கதிரையில் மறந்து விட்டுப் போனவள்.

"சூப்பா, அன்ரி?"

"ஓம்," என்றாள் இராஜேஸ்வரி.

சூப்பென்றால் ஆசையாக்கும், அந்தப் பிள்ளை மூடியைத் தூக்கிப் பார்த்தது. உள்ளே கப் கிடந்து கடகடவென்று ஆடியது. கர்ஸ்ரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். மூடியைத் திரும்ப மெதுவாக வைத்தாள். "நல்ல மணம்," என்று சொல்லிச் சால்வையை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கலியாணம் செப்டெம்பருக்கு நிச்சயமானது. ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, கர்ஸ்ரியின் தாய் மொறாக் மெல்பேர்ணிலிருந்து சம்பந்திகளைப் பார்க்க வந்தாள்.

மொறாக் ஒரு மிருக வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள். கணவர் இல்லை, நாய் இருந்தது. நாயின் படங்களை ஃபோனில் காட்டினாள். ஒரு படத்தில் அது இரண்டு காலையும் அவளுடைய தோளில் போட்டு வாயை நக்கிக்கொண்டிருந்தது. இராஜேஸ்வரி, "வடிவான நாய்," என்றாள். விருந்தாளிக் கப்பை மொறாக் பக்கம் இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி வைத்தாள்.

பிறகு மொறாக் பையிலிருந்து ஒரு பச்சைத் துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு கிண்ணம். உள்ளங்கையை விட அகலம், ஆழம் ஒன்றுமில்லை. வெள்ளீயம் கலந்த ஏதோ உலோகம், மங்கலாக மினுங்கியது. இரண்டு பக்கமும் தட்டையாக இரண்டு பிடி நீட்டிக்கொண்டு நின்றது. பூட்டனார் கப்பலில் வரும்போது கொண்டுவந்ததாம். அதற்கு ஒரு பெயர் சொன்னாள். "குவே" என்று தொடங்கி, தொண்டையில் மீன்முள் சிக்கியவர் காறுவது போல முடிந்தது. அந்தப் பெயரை மொறாக் வடிவாகச் சொன்ன மாத்திரத்தில் மேசைக்குக் குறுக்கே இரண்டு துளி பறந்ததை இராஜேஸ்வரி கண்ணால் கண்டாள்.

"இப்ப ஸ்கொட்லாந்திலேயே கனபேருக்கு இந்தச் சொல் தெரியாது," என்று மொறாக் இங்கிலீசில் சொன்னாள். "கலியாணத்துக்கு மட்டும் வெளியில வரும். பொம்பிளையும் மாப்பிளையும் இதில குடிப்பினம். அதுக்குப் பிறகு இரண்டு தாய்மாரும்."

"இதே பேணியிலயோ?" என்று கேட்டாள் இராஜேஸ்வரி.

"இதே பேணியில. இரண்டு கையாலயும் குடுக்க வேணும், இரண்டு கையாலயும் வாங்க வேணும். அந்தக் காலத்தில இரண்டு கையும் பேணியில இருந்தால், கத்தி பிடிக்க ஒரு கையும் மிஞ்சாது. பகையில்லை எண்டு அர்த்தம்."

"கத்தி இல்லாட்டிலும் எங்கட சம்பந்திமாருக்கு வாய் போதும்," என்றார் சிறிதரன். தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், ஓய்வெடுத்ததிலிருந்து இப்படித்தான். அவர் எழுந்து போய், கண்ணாடி அலுமாரியில் அலங்காரத்துக்கு வைத்திருந்த பித்தளை மூக்குப்பேணியை எடுத்து வந்தார். செம்பு போன்ற வயிறு, ஒரு பக்கத்தில் குருவிச் சொண்டு போல ஒரு மூக்கு. மூக்கை வாய்க்கு நேரே பிடித்துச் சரித்தால் வாய் படாமல் குடிக்கலாம். ஒரு பேணியில் நூறு பேர் குடித்தாலும் ஒருவர் எச்சில் ஒருவருக்குப் போகாது. "இந்தச் சொல்லும் இப்ப எங்கட பிள்ளையளுக்குத் தெரியாது," என்றார். "இது மூக்குப்பேணி. உங்கட அது காதுப்பேணி."

பிரஷாந்தன் மொழிபெயர்த்தான். மொறாக் துள்ளிச் சிரித்தாள். அந்தப் பிடிகளுக்கு அவளுடைய பூட்டனாரின் பாஷையிலும் காது என்றுதான் பெயராம். அந்தச் சந்தோசத்தில் மூக்குப்பேணியில் தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன் என்று தொடங்கியதில், முதல் வாய் கழுத்துக்குள்ளும் இரண்டாம் வாய் சட்டைக்குள்ளும் போனது. இராஜேஸ்வரி விருந்தாளித் துவாயைக் கொடுத்தாள். அவளுடைய கண் மட்டும் மேசையில் கிடந்த காதுப்பேணியில் இருந்தது. எங்கே வாய் வைத்தாலும் வாய்தான். மூக்கும் இல்லை, மூலையும் இல்லை.

அடுத்த ஞாயிறு பிரஷாந்தன் தனியே வந்தான். இராஜேஸ்வரி ஒரு வாரம் யோசித்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிளாஸ் வைத்தால் என்ன? அது வராவிட்டால், அன்றைக்கு விரதம் என்று சொன்னால் என்ன? அதுவும் சரிவராவிட்டால், அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தலைசுற்று வந்தால் என்ன?

"அம்மா, அவையள் கேட்டது இந்த ஒண்டுதான். தாலி கட்டுறம், அம்மி மிதிக்கிறம், ஐயர் மூண்டு மணித்தியாலம் ஓதுறார், எல்லாத்துக்கும் அவையள் ஓம் எண்டிட்டினம். மொறாக் சாறி கூட உடுக்கிறா."

"நான் இல்லையெண்டு சொல்லேல்லையே. கிருமி எண்டு ஒண்டு இருக்கெல்லோ."

பிரஷாந்தன் தன்னுடைய மூன்று பொட்டுக் கப்பை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "கர்ஸ்ரி என்னட்டை ஒண்டு கேட்டவள். இன்ரநெற்றில எங்கயோ வாசிச்சிருக்கிறாள். எங்கட ஊரில சில ஆக்களுக்குப் பேணியில குடுக்காமல் தேங்காய்ச் சிரட்டையில தேத்தண்ணி குடுக்கிறவையாம். 'அண்டைக்கு அன்ரி கப்பை அவிச்சவா. நானும் அந்த ஆக்களோ?' எண்டு கேட்டவள்."

"அதுக்கு நீ என்ன சொன்னனீ?"

"அம்மா என்ர கப்பையும்தான் அவிப்பா எண்டு சொன்னனான். அவள் நம்பின மாதிரித் தெரியேல்லை. நீங்கள் அண்டைக்குக் குடிக்காமல் விட்டால், அம்மா, அவள் ஒண்டும் சொல்லமாட்டாள். ஆனா அவளுக்குத் தெரிஞ்சிடும்."

இராஜேஸ்வரிக்குக் கோபம் வந்தது. யாரோடு கோபிப்பது என்று தெரியவில்லை. "என்னை என்ன மாதிரிப் பிள்ளை நினைக்குது. நான் செய்யிறது விஞ்ஞானம்," என்றாள்.

சிறிதரன் பேப்பரை மடிக்காமலே கேட்டார்: "உம்மட கொப்பர் மூக்குப்பேணி வைச்சிருந்ததும் விஞ்ஞானத்துக்கோ?"

சுன்னாகத்தில் அவளுடைய தகப்பன் வீட்டில், கிணற்றடிக்குப் பின்னால், வேலியில் இரண்டு சிரட்டைகள் கவிழ்க்கப்பட்டிருந்தன. அவை ஆருக்கென்று சின்ன வயதில் அவள் கேட்டதில்லை. கேட்காமல் இருக்க அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. அவள் எழும்பிப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை இன்னொரு தரம் கழுவினாள்.

போகும்போது பிரஷாந்தனிடம், "குடிக்கிறன் எண்டு சொல்லு," என்றாள். "ஆனா என்ர முறையில குடிப்பன்."

"என்ன முறை?"

"அது என்ர பாடு."

முறை இதுதான்: அண்ணாந்து ஊற்றுவது. பேணியை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்குவாள், ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குவாள், வாய்க்குள் ஊற்றுவாள். குடித்ததும் குடித்தது, எச்சிலும் படவில்லை. முப்பது வருடமாக அவள் போத்தலில் செய்கிற வேலைதானே.

ஆனால் போத்தலுக்குக் கழுத்து உண்டு. மறுநாள் பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் நின்று, அந்த அளவில் இருந்த ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரை நிரப்பித் தூக்கிச் சரித்தபோது, தண்ணீர் இராஜேஸ்வரியின் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் இறங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீனாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பகோணத்துக்காரி, பக்கத்து வீட்டுக்கு வந்து எட்டு வருடம். ஃபில்டர் காபியை டம்ளரில் தூக்கிக் குடிக்கிறவள், அந்த ஒரு காரணத்தாலேயே இராஜேஸ்வரி மதிப்பு வைத்திருந்த ஆள்.

"ராஜி, குளிக்கிறதுன்னா உள்ள போய் குளிக்கலாமே."

இராஜேஸ்வரி விஷயத்தைச் சொன்னாள். மீனாம்பாள் வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்து, கிண்ணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டம்ளர்னா ஒரு விளிம்பு இருக்கும், சரிச்சா நூல் மாதிரி விழும். இது தட்டுங்க. தட்டுக்குக் காது வெச்சிருக்காங்க. முழுசா ரொப்பினா உங்களால முடியாது. கால்வாசி இருக்கட்டும். கையைத் தூக்காதீங்க, மணிக்கட்ட மட்டும் திருப்புங்க. ஆமா, அப்படித்தான். வாயை இன்னும் பெருசா திறங்க, பல் டாக்டர்கிட்ட திறக்கிற மாதிரி."

மூன்று கிழமை பயிற்சி நடந்தது. முதல் கிழமை மூக்கு. இரண்டாம் கிழமை நாடி. மூன்றாம் கிழமை வியாழக்கிழமை, வேலை முடிந்து வந்த களைப்போடு, இராஜேஸ்வரி கால்வாசிக் கிண்ணத்தைத் தூக்கி ஒரே மூச்சில் ஊற்றி, இறக்கி, வாயைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. மீனாம்பாள் அவளுடைய பிளவுசைத் தொட்டுப் பார்த்து, "காய்ஞ்சிருக்கு," என்று தீர்ப்புச் சொன்னாள்.

இதற்கிடையில் சிறிதரனுக்கும் ஒரு வேலை கிடைத்திருந்தது. பேணியில் ஊற்றுவது விஸ்கி. மாப்பிள்ளையின் தாய்க்கு அது வேண்டாமென்றால் இஞ்சிச் சோடா விடலாம் என்று மொறாக் செய்தி அனுப்பியிருந்தாள். பிறந்ததிலிருந்து மதுவைத் தொடாத இராஜேஸ்வரி, "சோடா வேண்டாம், விஸ்கியே இருக்கட்டும்," என்றதும் சிறிதரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"விஸ்கியில கிருமி சாகும்," என்றாள் இராஜேஸ்வரி.

"விஸ்கி நாற்பது வீதம். கிருமி சாக எழுபது வேணும் எண்டு கொரோனா நேரம் ஊருக்கெல்லாம் சொன்னது நீர்தான்."

இராஜேஸ்வரி யோசித்தாள். "எழுபதில ஒண்டு இருக்கோ எண்டு விசாரிச்சுப் பாருங்கோ."

சிறிதரன் இவ்வளவு அக்கறையோடு எந்தக் காரியத்தையும் விசாரித்ததை அவள் கண்டதில்லை. பென்டில் ஹில்லில் ஒரு கடை, பரமட்டாவில் இரண்டு கடை என்று ரயில் ஏறிப் போய் வந்தார். கடைசியில் ஐம்பத்தேழு வீதத்தில் ஒரு போத்தல் அகப்பட்டது. கடைக்காரன் அதற்கு மேல் கேட்டால் காருக்குத்தான் ஊற்ற வேண்டும் என்று சொன்னதாக வந்து சொன்னார். அது தரமானதா என்று சோதித்துப் பார்த்ததில், கலியாணத்துக்கு முக்கால் போத்தல் மிஞ்சியது.

கலியாணம் வென்ட்வேர்த்வில் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. தாலி கட்டி, அம்மி மிதித்து, எல்லாம் குறித்த நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி முடிந்தது. மொறாக் நீலச் சாறியில் நின்றாள். கட்டிவிட்டவர் எத்தனை ஊசி குத்தினாரோ, குனியப் பயந்து விறைத்து நின்றாள். ஒரு கையில் கைக்குட்டை. கண் சிவந்திருந்தது. மகளை நினைத்து அழுகிறாள் என்று ஊர்ச்சனம் உருகியது.

சாப்பாட்டுக்கு முன்னர் மேடையில் பேணி வந்தது. அதற்கு முன்னரே இராஜேஸ்வரி பின்னறைக்குப் போய், ஐம்பத்தேழு வீதத்தால் அதை இரண்டு தரம் அலசிவிட்டு வந்திருந்தாள். அறிவிப்பாளர் அதன் பெயரைச் சொல்லப் போய்ப் பாதியில் இருமினார். கர்ஸ்ரி கூறைச் சேலையோடு, பேணியின் இரண்டு காதையும் பிடித்துக் குடித்தாள். இறக்கியபோது விளிம்பில் அவளுடைய உதட்டுச்சாயம் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிரஷாந்தன் குடித்தான், கண்ணில் நீர் வந்தது. சிறிதரன் பெருமையோடு பார்த்தார்.

"இப்ப தாய்மார்," என்றார் அறிவிப்பாளர்.

முந்நூறு பேர் மேடையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் மீனாம்பாள், மணிக்கட்டை மட்டும் திருப்புங்கள் என்று கையால் சைகை காட்டினாள். மொறாக் பேணியை ஏந்திக்கொண்டு வந்தாள். கால்வாசிதான் இருந்தது, கணக்குச் சரி. இராஜேஸ்வரி தன் பக்கத்துக் காதைப் பிடித்தாள். மற்றக் காதையும் பிடிக்கக் கையை நீட்டினாள்.

மொறாக் அதை விடவில்லை.

இராஜேஸ்வரி மெதுவாக இழுத்தாள். மொறாக் சிரித்துக்கொண்டு பிடித்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். மொறாக்கும் சிரிப்பைக் குறைக்காமல் இறுக்கிப் பிடித்தாள். பேணி இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. சபையில் யாரோ சிரித்தார்கள். "என்ன, சண்டை தொடங்கீட்டுதோ?" என்று ஒரு கிழவரின் குரல் கேட்டது.

"அம்மா," என்று பின்னாலிருந்து பிரஷாந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான், "தாய்மார் மட்டும் இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடிச்சுக்கொண்டுதான் குடிக்கிறது. அதுதான் அவையின்ர வழக்கம்."

"இதை நீ முதலே சொல்லியிருக்கக் கூடாதோ?"

"நீங்கள்தானே உங்கட பாடு எண்டு சொன்னனீங்கள்."

மூன்று கிழமைப் பயிற்சியும் அந்த இடத்தில் ஆவியாகப் போனது. ஒரு காதை இன்னொருத்தி பிடித்திருக்கும்போது பேணியை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்க முடியாது. தூக்கினால் இரண்டு பேருக்கும் முழுக்குத்தான்.

மொறாக் தலையைக் கிட்டக் கொண்டு வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எனக்குத் தடிமன், ராஜி. மூண்டு நாளா மூக்கு ஒழுகுது. நீங்கள் முதல் குடியுங்கோ, நான் பிறகு குடிக்கிறன். விருப்பமில்லை எண்டால் உதட்டில வைக்கிற மாதிரிக் காட்டினால் போதும். கர்ஸ்ரி எனக்கு அந்தக் கப் விஷயம் சொன்னவள். நான் குறை நினைக்கமாட்டன்."

அப்படியென்றால் அந்தச் சிவந்த கண் அழுத கண் இல்லை. இராஜேஸ்வரி அரை அடி பின்னுக்கு நகர நினைத்தாள், பேணி விடவில்லை. உதட்டில் வைக்கிற மாதிரிக் காட்டுவது. எவ்வளவு சுலபமான காரியம். முந்நூறு பேருக்கும் வித்தியாசம் தெரியாது.

அவள் கர்ஸ்ரியைப் பார்த்தாள். கர்ஸ்ரி அவளைப் பார்க்கவில்லை. பேணியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இரண்டு வருடத்துக்கு முன் சட்டிக்குள் பார்த்த அதே பார்வை. முந்நூறு பேரில் ஒருத்திக்கு வித்தியாசம் தெரியும்.

இழுபறியில் பேணி திரும்பியிருந்தது. உதட்டுச்சாயம் படிந்த பக்கம் இராஜேஸ்வரிக்கு நேரே இருந்தது. அதைத் திருப்ப வேண்டுமென்றால் மொறாக்கும் சேர்ந்து மேடையில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

இராஜேஸ்வரி கண்ணை மூடினாள். சிவப்பு அடையாளத்தின் மேலேயே வாயை வைத்தாள். குடித்தாள். காட்டுகிற குடிப்பு இல்லை. தொண்டை ஏறி இறங்கியது கடைசி வரிசைக்கும் தெரிந்தது. ஐம்பத்தேழு வீதம் நெஞ்சுக்குள் தீக்குச்சி உரசியது போல இறங்கியது. நூற்று முப்பத்துநான்கு பாகை உள்ளே போனால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். கண்ணைத் திறந்தபோது முன்வரிசையில் மீனாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். கர்ஸ்ரி இப்போது அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிச்சத்தை மொறாக் குடித்து முடித்தாள். முடித்த கையோடு, குத்திய ஊசிகளையெல்லாம் மறந்து, இராஜேஸ்வரியை இழுத்துக் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, அவளுடைய காதுக்குள் இரண்டு தரம் தும்மினாள்.

புதன்கிழமை இராஜேஸ்வரிக்குத் தடிமன் பிடித்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு வந்த தடிமன். சேர்த்து வைத்தது போல வந்தது. அவள் விறாந்தைப் பக்கத்து அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்து, ரெலிபோனில் விசாரித்தவர்களுக்கெல்லாம், "சம்பந்தியின்ர தடிமன்," என்று மூக்கடைத்த குரலில் சொன்னாள். சொந்தத்தில் ஆரோ வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறார்கள் என்று அறிவிக்கிற தோரணை அதில் இருந்தது. பேணியால் வந்ததில்லை, கட்டிப்பிடித்ததால் வந்தது என்ற விளக்கத்தையும் விடாமல் சொன்னாள். "கட்டிப்பிடிக்கிறதுக்கும் மூக்கு வைச்ச சாமான் ஒண்டு கண்டுபிடிக்க வேணும்," என்றார் சிறிதரன்.

பின்னேரம் கர்ஸ்ரியும் பிரஷாந்தனும் வந்தார்கள். மறுநாள் தேனிலவுக்கு நியூசிலாந்து போக இருந்தார்கள். கர்ஸ்ரி குசினிக்குள் போய், அலுமாரியில் ஒவ்வொரு கப்பாகத் திருப்பி அடியைப் பார்த்து, ஒரு பொட்டுக் கப்பைக் கண்டுபிடித்து, அதில் மல்லித்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். வரும் வழியில் பிரஷாந்தன் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இனிப்புக் கூடினாலும் குடிக்கக் கூடியதாக இருந்தது. இராஜேஸ்வரி குடித்து முடித்ததும் கப்பை, காதை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, வாங்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சட்டிக்குள் ஏதோ கிடந்து கடகடவென்று ஆடுகிற சத்தம். இராஜேஸ்வரிக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். கம்பளியை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன பிள்ளை, சூப்போ?" என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஓம், அன்ரி," என்றாள் கர்ஸ்ரி, தமிழில்.

"மூடியைப் போடும். மூடி இல்லாட்டில் வடிவாகக் கொதிக்காது."

"போட்டிட்டன்."

"இருபது நிமிஷம்."

"தெரியும்," என்றாள் கர்ஸ்ரி.